எட்டாம் பாடம்

'ட' என்ற எழுத்தை மறுபடியும் முதலிலிருந்து கற்றுக்கொண்டிருந்தோம். இந்த முறை ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடுகிற உயரமான கூட்டாளியின் போனில். பெட்டிகளின் மேல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய மனிதர்கள் ஐந்தாறு பேர் ஒரே குரலில் "ட... ட..." என்று சொன்னால் கேட்கிறவனுக்கு மோட்டார் கிளம்பாத வண்டி ஞாபகம் வரும்.

போனுக்குள்ளிருந்து டீச்சர், "ரொம்ப நல்லா சொன்னீங்க" என்றாள். நாங்கள் சொன்னது அவளுக்குக் கேட்காது. அது முன்னாலேயே பேசி வைத்த பாடம்.

எங்களுக்குப் பார்சல் கிடங்கில் சுமை இறக்குகிற வேலை. ஜனங்கள் போனில் பார்த்துப் பார்த்து வாங்குகிற சாமானெல்லாம் லாரியில் வந்து நிற்கும். இறக்கி பெல்ட்டில் போட வேண்டும். பெல்ட் கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டே அதைக் கொண்டுபோகும். கடைசியில் ஒரு மேசை. அங்கே கண்ணாடிக்காரர் உட்கார்ந்து விலாசத்தைப் படித்து, இது இந்த வண்டிக்கு, அது அந்த வண்டிக்கு என்று பிரித்துத் தள்ளுவார். கிடங்கில் நாற்காலி போட்ட வேலை அது ஒன்றுதான். கண்ணாடிக்காரர் இந்த மாதத்தோடு மகன் வீட்டுக்குப் போகிறார்.

என் இடுப்பு போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனியப் பயமாக இருக்கிறது. பெரிய பெட்டி வந்தால் என் மச்சான் குறுக்கே விழுந்து தூக்கிவிடுவான். எத்தனை நாளைக்குத் தூக்குவான்? அந்த நாற்காலி கிடைத்தால் இந்தக் கிடங்கில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்காலிக்குப் படிக்கத் தெரிய வேண்டும்.

படிப்புக்கு வழி கண்டுபிடித்தவன் என் மச்சான். என் வீட்டுக்காரியின் தம்பி. வாயை மூடவே மாட்டான் என்பதால் கிடங்கில் அவனுக்கு ரேடியோ என்று பேர். ஒருநாள் போனை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். "மாமா, பெரியவங்களுக்கு எழுத்துச் சொல்லித்தராங்க. முதல் ஏழு நாள் சும்மா!"

"அப்புறம்?"

"அப்புறம் காசு கேப்பாங்க. அப்ப நாம வேற நம்பர்ல சேந்துக்குவோம். எத்தன நம்பர் இருக்கு நம்மகிட்ட!"

ஆளுக்கு ஒரு போன், போனுக்கு ரெண்டு நம்பர். போதாததுக்குப் பெண்டாட்டிமார் நம்பர். ரேடியோவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் டீச்சரையே கட்டித் தூக்கி வந்துவிட்டவன் போல இருந்தான்.

புது நம்பரில் சேர்ந்தால் பாடம் மறுபடி முதல் எழுத்திலிருந்துதான் தொடங்கும் என்பது இரண்டாம் நம்பரில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அப்போதாவது விட்டிருக்கலாம். விடவில்லை. சும்மா கிடைப்பதை எப்படி விடுவது? அதனால் ட, ப, ம, ய, க, த, ல என்ற ஏழையும் நாங்கள் கரைத்துக் குடித்தோம். படம், கடல், கப்பல், பகல், பட்டம், தயக்கம், கலக்கம், கலப்படம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கலப்படத்தைப் படிப்போம். ஆனால் 'பால்' என்று எழுதியிருந்தால் தெரியாது. ஏழாம் நாள் பாடத்தின் முடிவில் டீச்சர் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்: "நாளைக்கு இந்த எழுத்துக்கெல்லாம் கால் முளைக்கப் போகுது. தவறாம வாங்க."

நாங்கள் தவறாமல் 'ட'வுக்குப் போய்விடுவோம்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. டீச்சரின் முதல் பாடம் மாறிக்கொண்டே இருந்தது. முதல் நம்பரில் வெறுமனே சொல்லிக்கொடுத்தாள். அடுத்ததில் பொம்மை வைத்துக்கொண்டு சொன்னாள். அதற்கடுத்ததில் பாட்டு. ஒட்டகத்தின் போனில் வந்தபோது பாட்டும் பொம்மையும் இல்லை, ரொம்ப மெதுவாக, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி ஊட்டுவது போலச் சொன்னாள். குரல் இளைத்திருந்தது.

ஏழு நாள் முடிந்ததும் அவளே போன் பண்ணுவாள். யாருடைய நம்பராக இருந்தாலும் ரேடியோதான் பேசுவான். பொய் சொல்ல எங்கள் கூட்டத்தில் அவனை விட்டால் ஆளில்லை. ஒரு தடவை மீன் வண்டிக்காரன் ஆனான், ஒரு தடவை தையல்கடைக்காரன், ஒரு தடவை ஓய்வுபெற்ற காவலாளி. ஒட்டகத்தின் நம்பரிலும் ஏழு நாள் முடிந்து அவள் கூப்பிட்டபோது ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, "நான் மலையடிவாரத்துல ஆடு மேய்க்கிறேன் டீச்சர்" என்றான்.

"அப்படிங்களா அண்ணே. ஆடு ரொம்பக் கிறீச்சுன்னு கத்துதே."

ரேடியோ பெல்ட்டைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம்.

"மீன் வண்டியும் இப்படித்தான் கத்துச்சு," என்றாள் டீச்சர். "தையல்கடையும் இப்படித்தான் கத்துச்சு. எங்க அக்கா பக்கத்துல தையல் மிஷின்தான் ஓட்டுறா. தையல்கடைச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

அவள் பக்கத்திலிருந்து உண்மையிலேயே தையல் மிஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. ரேடியோவின் வாய் முதல் தடவையாக மூடிக்கொண்டது. டீச்சர் திட்டுவாள் என்று காத்திருந்தோம். அவள் திட்டவில்லை.

"ஒன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. என் பாடம் அவ்வளவு மோசமா? ஏழாவது நாளோட எல்லாரும் ஓடிப்போறாங்க. சும்மா வர்றவன் ஒருநாளும் காசு குடுக்க மாட்டான்னு எங்க அக்கா சொல்றா. நான் இல்லைங்கறேன். பாடம் நல்லா இருந்தா வருவாங்கன்னு முதல் வாரத்தையே திரும்பத் திரும்ப மாத்திட்டிருக்கேன். எங்க தப்பு?"

ரேடியோ அவசரமாகப் போனை என் கையில் திணித்தான். "மாமா, நீங்க பேசுங்க மாமா."

நான் என்ன பேசுவேன்? "பாடத்துல தப்பு இல்ல டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் பெல்ட்டை நிறுத்திவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார். சின்ன வயசு, சட்டையில் எப்போதும் ஒரு கசங்கலும் இருக்காது. "மாசக் கடைசியில மேசை காலியாகுது. வெளியில இருந்து ஆள் எடுக்கலாம், உங்கள்ல யாராவது விலாசம் படிச்சா உங்களையே போடலாம். யாருக்குப் படிக்கத் தெரியும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் இடுப்பு அவர்களுக்குத் தெரியும்.

"கொஞ்சம் தெரியும் சார்" என்றேன்.

கொஞ்சம் என்றால் கலப்படம் வரைக்கும்.

அன்று முழுக்க ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பெட்டியை வைத்துவிட்டு மேசைப் பக்கம் போவேன், கண்ணாடிக்காரரின் தோளுக்கு மேலாக விலாசங்களைப் பார்ப்பேன், திரும்புவேன். தெரிந்த எழுத்துகளுக்கு முன்னாலும் பின்னாலும் மேலும் கீழும் என்னென்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. தெரிந்தவன் ஒருத்தன் தாடி வைத்து, தலைப்பாகை கட்டி, கைத்தடி ஊன்றி வந்து நிற்பது போல. முகம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

வீட்டுக்குப் போய், தொடர்ந்து படிக்கப் பணம் கட்டப் போகிறேன் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். ஒரு மாதப் பாடத்துக்கு ரெண்டு நாள் கூலி.

"எதுக்கு?" என்றாள். "உங்க கூட்டமே மாசக்கணக்கா சும்மா படிச்சீங்களே. படிச்சது பத்தலையா?"

"அது ஏழு நாளோட நின்னுருது."

"சும்மா குடுத்தப்ப ஏழு நாள்ல படிக்கத் தெரியாதவரு, காசு குடுத்தா மட்டும் படிச்சுருவீங்களாக்கும்."

"எட்டாவது நாள்தான் கால் முளைக்குமாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் இடுப்பைப் பார்த்தாள். தைலம் தேய்க்கும்போது சொன்னாள், "கட்டித் தொலைங்க. தைலத்துக்கு ஆகுற செலவாவது மிச்சமாகுதான்னு பாப்போம்."

அவளே தன் போனிலிருந்து பணத்தை அனுப்பினாள். அனுப்பி முடிந்ததும் பச்சைக் குறி வந்தது. நான் பொழுது விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்து எட்டாம் பாடத்தைத் தட்டினேன். வட்டம் சுற்றியது. சுற்றியது. வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நின்றது. பஸ்ஸில் தட்டினேன். கிடங்கு வாசலில் தட்டினேன். வெறும் வெள்ளை.

"ஏமாத்திட்டா மாமா" என்றான் ரேடியோ. அவன் முகத்தில் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகம். "அப்பவே சொன்னேன்ல, நம்பர் இன்னும் இருக்குன்னு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. லாரி நிற்க, பெட்டி நிற்க, ஓரமாகப் போய் டீச்சருக்குப் போன் போட்டேன். "பணம் கட்டியாச்சு, பாடம் எங்க?"

தையல் மிஷின் சத்தம் நின்றது.

"நீங்க... பணம் கட்டிட்டீங்களா அண்ணே?"

"கட்டியாச்சு. பச்சக் குறி வந்துச்சு. எட்டாம் பாடம் எங்க?"

டீச்சர் மெல்லச் சொன்னாள். "எட்டாம் பாடம் இல்லண்ணே."

"இல்லன்னா?"

"இன்னும் செய்யல. ஏழாவது நாளுக்கு மேல யாருமே வரலையே. வராதவங்களுக்கு எதுக்குச் செய்யறதுன்னு, வர்றவங்களுக்கான முதல் வாரத்தையே சரி பண்ணிட்டு இருந்துட்டேன். நீங்கதான் முதல் ஆள்." பிறகு அவசரமாக, "பணத்தைத் திருப்பி அனுப்பிடறேன்" என்றாள்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் முதல் வாரத்தை ஏன் மாற்றிக்கொண்டே இருந்தாள் என்று எனக்குத்தான் தெரியுமே. ஓடிப்போன அத்தனை பேரும் நாங்கள்தான். ஆடு மேய்ப்பவன், மீன் வண்டிக்காரன், தையல்கடைக்காரன், எல்லாரும் ஒரே பெல்ட்டின் பக்கத்தில் நின்றோம். அவள் எங்களைப் பிடித்து நிறுத்தப் பொம்மை வாங்கியிருக்கிறாள், பாடியிருக்கிறாள்.

"பணம் வேணாம்" என்றேன். "பாடம் வேணும். மாசக் கடைசியில மேசையில உக்காரணும். இன்னைக்கே செஞ்சு அனுப்புங்க."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கே. காசு கட்டியிருக்கேன்ல."

இப்படிச் சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. சும்மா படித்த நாளெல்லாம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காசு கட்டியதும் நாட்டாமை ஆகிவிட்டேன்.

பின்னாலிருந்து ரேடியோ கத்தினான், "மாமா! லாரிக்காரன் வையறான் மாமா! சீக்கிரம் வாங்க மாமா!"

மத்தியானம் எட்டாம் பாடம் வந்தது. பொம்மையும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு துணைக்காலை வரைந்து, 'ம' பக்கத்தில் நிறுத்தி, இன்னொரு முறையும் அப்படியே நிறுத்தினாள். "இதைப் படிங்க அண்ணே. காலையில உங்க பின்னாடி கேட்டுச்சு."

மாமா.

பெட்டியில் சாய்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோ எட்டிப் பார்த்து, "என்ன எழுதியிருக்கு?" என்றான்.

"நீ கூப்புடுறது" என்றேன்.

அதற்குப் பிறகு டீச்சருக்கும் எனக்கும் ஓட்டப்பந்தயம். அவள் காலையில் பாடம் செய்வாள், நான் மத்தியானம் தின்று தீர்ப்பேன். சாயங்காலமே அடுத்தது எங்கே என்று கேட்பேன். கொம்பு வந்தது, இரட்டைக் கொம்பு வந்தது, சுழி வந்தது. ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நாளைக்குத் தரட்டுமாண்ணே?" என்றாள். "தொண்டைக்கு ஓய்வு குடுத்துட்டு எழுதி மட்டும் காமிங்க டீச்சர், போதும்" என்று விடாப்பிடியாக வாங்கினேன். பிறகு அதை நினைத்துப் புரண்டு புரண்டு படுத்தேன். ஆனால் அடுத்த நாளும் கேட்டேன்.

பஸ்ஸில் கடைப் பலகைகளைப் படிப்பேன். படித்து முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும். பாதிப் பாதி வார்த்தைகளாகவே மண்டைக்குள் நிறைந்து, அதன் மீதியைத் தேடிக்கொண்டே வேலை செய்வேன். ஊரெல்லாம் இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று முன்பு தெரியாது. ஒரு சுவரைச் சும்மா விட்டிருக்கிறார்களா?

பாடம் கேட்கும்போது ரேடியோ என் தோளிலேயே ஒட்டிக்கொண்டிருப்பான். மற்றவர்கள் ரெண்டு நாள் வந்து பார்த்து, கொம்பு வந்ததும் எழுந்து போய்விட்டார்கள். ஒட்டகம் போகும்போது, "எனக்கு 'ட' போதும்ப்பா" என்றான். ரேடியோ போகவில்லை. அவன் மண்டை பசை தடவிய தாள் போல, எதையும் ஒரு தடவையில் பிடித்துக்கொள்ளும். நான் எழுத்துக்கூட்டி முடிக்கும் முன் அவன் வார்த்தையைச் சொல்லிவிடுவான்.

"காசு கட்டுனது நானு. படிக்கிறது நீயா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"காதுல விழறதுக்கெல்லாம் காசு கட்டுனா எப்படி மாமா?" என்று சிரித்தான்.

சிரிப்பாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மாதக் கடைசிக்கு முன்பே சூப்பர்வைசர் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். ரேடியோ அப்போது லாரிக்குள் இருந்தான். கண்ணாடிக்காரர் எழுந்து நின்று கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டினார். ஒரு பார்சலை எடுத்து, "படி" என்றார் சூப்பர்வைசர்.

"மர... மரக்கடை. மேலத் தெரு."

"இது?"

"பல் மருத்துவர். கடல் பக்கம்." கடல் எனக்குப் பழைய சிநேகிதன்.

"இது?"

முதல் எழுத்து 'ப'. அடுத்தது ஒரு எழுத்து, வளைந்து நெளிந்து, கீழே ஒரு வாலோடு. அதற்கப்புறம் 'க்கடை'. ப, என்னமோ, க்கடை. ஊகித்துச் சொல்லியிருக்கலாம். தப்பாகப் போனால் பார்சல் வேறு தெருவுக்குப் போய்விடும்.

"இந்த எழுத்து இன்னும் வரல சார்" என்றேன். "வியாழக்கிழமை வருது."

"என்னது?"

"டீச்சர் இன்னும் நடத்தல. வியாழக்கிழமை நடத்துறேன்னிருக்காங்க."

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வியாழக்கிழமை என்ற வார்த்தைக்குள்ளேயே அந்த எழுத்து உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

"சரி. ஏழு நாள் மேசையில உக்காந்து பாரு. பழகுற நாளுக்குக் கூலி கிடையாது, சாப்பாட்டுக் காசு மட்டும். சரியா வந்தா, எட்டாவது நாள்லருந்து மேசைக்கூலி."

அந்த ஏழு நாள் என்ற வார்த்தை எங்கோ குத்தியது. ஆனால் நாற்காலி கண் முன்னால் நின்றது. தலையாட்டிவிட்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு குளிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. இத்தனை வருஷம் நின்ற உடம்பு உட்கார்ந்தால் எங்கே கையை வைப்பது, எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் தவித்தது. பெல்ட் பார்சலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஒன்றைப் படிப்பதற்குள் மூன்று வந்து மோதும். முதல் நாள் தாமதத்துக்காக வண்டிக்காரர்கள் என்னைக் கிழித்தார்கள். மூன்றாம் நாள் கொஞ்சம் பழகியது. வியாழக்கிழமை அந்த வால் எழுத்து வந்தது, பழக்கடை பழக்கடையாகத் தெரிந்தது. கடைசி நாள் வரை ஒரு பார்சல்கூடத் தப்பாகப் போகவில்லை. வண்டிக்காரர் ஒருத்தர், "உனக்கென்னப்பா, சீட்டு உறுதி" என்று கூடச் சொல்லிவிட்டார்.

ஏழாம் நாள் சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து என் தோளில் தட்டினார். "நல்லா செஞ்ச. நாளைக்கு உன் மச்சான் உக்காரட்டும். அவனும் நல்லாப் படிக்கிறானாமே, லேபிளைப் பாத்துச் சத்தமா படிச்சுக்கிட்டே தூக்கறான், நானே கேட்டேன். அவனுக்கும் ஏழு நாள் குடுத்துப் பாப்போம். அதுக்கப்புறம் அந்த உயரமான ஆளு. எல்லாரையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

எனக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருக்குமா? நாங்கள் செய்ததுதானே இது. ஒரு நம்பர் முடிந்ததும் அடுத்த நம்பர். கிடங்கில் எத்தனை பேர் இருக்கிறோமோ அத்தனை ஏழு நாள் அவருக்குச் சும்மா.

பஸ் நிறுத்தம் வரை ரேடியோவும் நானும் சேர்ந்துதான் நடந்தோம். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் வாயே திறக்கவில்லை. ரேடியோ பேசாமல் நடந்தால் பக்கத்தில் வருகிறவனுக்கு மூச்சு முட்டும். 'நீ உக்காராதடா' என்று தொண்டை வரைக்கும் வந்தது. எப்படிச் சொல்வது? அவனுக்கும் இடுப்பு இருக்கிறது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்குப் போகப்போகிற இடுப்புதான். அவன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள். என்னைவிட வேகமாகப் படிக்கிறான். உட்கார்ந்தான் என்றால் சூப்பர்வைசர் அவனையே வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்வார்.

பஸ் வந்ததும், "வரேன் மாமா" என்று மட்டும் சொல்லி ஏறிக்கொண்டான்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே கேட்டாள். தம்பியா புருஷனா என்று அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. "அவன் சின்னப் புள்ளையில இருந்தே அடுத்தவன் தட்டுலதான் சாப்பிடுவான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா தட்டைத் தூக்கிட்டு ஓடினதில்ல" என்றாள். அது எனக்குச் சொன்னதா அவளுக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் ஏற்கெனவே மகன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். காலையில் நான் மறுபடி லாரிக்குப் போனேன். ரேடியோ தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான். நான் ஒவ்வொரு பெட்டியாக இறக்கி பெல்ட்டில் வைக்க வைக்க, அது அவனிடம்தான் போய்ச் சேர்ந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். இரண்டு பெட்டிக்கு ஒரு தடவை பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெல்ட் முட்டியது. மேசை மேல் மலை. சூப்பர்வைசர் ஓடினார்.

"என்னய்யா ஆச்சு?"

"இதெல்லாம் கொம்பு வெச்சது சார்" என்றான் ரேடியோ, ரொம்ப மரியாதையாக. "கொம்பு எனக்கு வராது."

"மாட்டுக்கே கொம்பு வருது, உனக்கு வராதா? நேத்து லாரியில நின்னு சத்தமா படிச்சியே!"

"அது மாமா பக்கத்துல இருந்தா வரும் சார். தனியா உக்காந்தா வரமாட்டேங்குது. எனக்குத் தெரிஞ்சது சும்மா குடுத்த ஏழு நாள் பாடம்தான். இதோ, கடல்னு இருக்கறதெல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டேன்."

கடல் ஒரே ஒரு பார்சல்தான் இருந்தது. அதை மட்டும் நேராக, அழகாக வைத்திருந்தான்.

சூப்பர்வைசர் அவனை எழுப்பிவிட்டு ஒட்டகத்தை உட்கார வைத்தார். ஒட்டகம் நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் ஒவ்வொரு பார்சலாகத் தூக்கிப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே வண்டியின் பக்கம் தள்ளினான். "எல்லாத்துலயும் 'ட' இருக்கு சார்" என்றான். வாசலில் வண்டிகள் ஹாரன் அடித்தன. வண்டிக்காரர்கள் உள்ளே வந்து கத்தினார்கள். பெல்ட் நின்றது. அது நின்றதும் கிடங்கில் இவ்வளவு அமைதி இருக்க முடியுமா என்று எனக்கே புதிதாக இருந்தது.

சூப்பர்வைசர் கசங்கிய சட்டையோடு என்னிடம் வந்தார். ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை.

"போய் உக்காரு."

நான் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன், போகவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன். "இன்னைக்கு எட்டாவது நாள் சார்."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். ஹாரன்.

"தெரியுது. மேசைக்கூலிதான். இனி எல்லா மாசமும். போ."

உட்கார்ந்தேன். பெல்ட் கத்திக்கொண்டு கிளம்பியது. கொம்பு வைத்தது, கால் வைத்தது, வால் வைத்தது எல்லாம் வரிசையாக வந்து மோதின. கண் ஓடியது.

டீ நேரத்தில் ரேடியோ வந்து மேசையில் சாய்ந்து நின்றான்.

"ஏன்டா?" என்றேன்.

"ஏழு நாள் சும்மா குடுக்க நான் என்ன டீச்சரா மாமா?" டீயை உறிஞ்சினான். "எனக்கு முதுகு நல்லாத்தான் இருக்கு. முதுகு போகும்போது உங்களை எழுப்பிவிடறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் கையிலிருந்த லேபிளைப் படித்துக்கொண்டிருந்தான், நான் படிப்பதற்கு முன்னால்.

என் போன் அடித்தது. டீச்சர். தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணே, மாசம் முடியுது. தொடர்றீங்களா?"

"தொடர்றேன் டீச்சர். உங்க அக்காகிட்டயும் சொல்லுங்க."

"அவ நம்ப மாட்டேங்கறா. ஒரு ஆளு கணக்குல வராதுங்கறா." கொஞ்சம் தயங்கி, "எதுக்குண்ணே கட்டுனீங்க? பாட்டுப் பாடினப்ப கட்டல, பொம்மை வெச்சப்ப கட்டல" என்றாள்.

"கால் முளைக்கும் முளைக்கும்னு சொல்லிட்டே இருந்தீங்க. முளைக்கிற வரைக்கும் பொறுக்க முடியல."

அவள் சிரித்தாள். அடுத்து எழுதுகிற பாடம் தொடங்கப் போகிறாளாம், கையெழுத்து, கடிதம் எல்லாம். ரேடியோ போனைப் பிடுங்கிக்கொண்டான். "டீச்சர், ஆடு மேய்க்கிறவன் பேசறேன். மாமாவோட அடுத்த மாசக் காசுல பாதி நான் போடறேன். நெசமா." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த எழுதற பாடம் முதல் ஏழு நாள் சும்மாதானே?" என்றான்.

தையல் மிஷின் நின்றது. அக்காவும் காது கொடுத்திருப்பாள்.

டீச்சர் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. பெல்ட் கிளம்பிவிட்டது. அடுத்த பார்சல் வந்து என் முழங்கையில் மோதியது, அதற்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் ஒன்று.